சிவப்புக் குழாயில் வந்த சுடுதண்ணீர்

அன்புத் தம்பிக்கு,

இன்றைக்கும் சுடுதண்ணீர் வந்தது. காலையில் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது, ராத்திரி பனி அப்படி. ஆனால் மத்தியானம் மாவு அரைத்துவிட்டு கிரைண்டரைக் கழுவப் போனபோது கை வைக்க முடியவில்லை. உனக்கு முதலில் இதைத்தான் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. கல்யாணம் நெருங்கிவிட்டது, ஊருக்குக் கிளம்ப சூட்கேஸ் பாதிதான் கட்டியிருக்கிறோம், என் ப்ளவுஸ் இன்னும் தைத்து வரவில்லை, இந்த நேரத்தில் அம்மா உட்கார்ந்து கடிதம் எழுதுகிறாளே, அதுவும் தண்ணீரைப் பற்றி எழுதுகிறாளே என்று நீ சிரிப்பாய். சிரி, நல்லது. உன் கல்யாணம் முடிவான நாளிலிருந்து எனக்கு ஒரு பயம் இருந்தது. இப்போது அது இல்லை. இந்த நிம்மதியை யாரிடமாவது சொல்லியாக வேண்டும், உன்னை விட்டால் நான் யாரிடம் போய்ச் சொல்வேன்?

நான் பயந்தது நகைக்கோ பந்திக்கோ அல்ல. நீயும் அப்பாவும் பேசிக்கொள்ளாமலே மணமேடையில் நிற்பீர்களே என்றுதான். "அவன்கிட்ட மாலையச் சரியாப் போட்டுக்கச் சொல்லு" என்று அவர் என் காதில் சொல்வார். ஓரடி தள்ளி உட்கார்ந்திருக்கும் நீ, "அந்தத் தாம்பாளத்த நகட்டச் சொல்லும்மா அப்பாகிட்ட" என்பாய். நடுவில் நான், பட்டுப்புடவை கட்டிய போஸ்ட்மேன். ரம்யாவின் வீட்டார் பஹ்ரைனில் ஈசா டவுனில் எத்தனையோ வருஷமாகக் கலகலவென்று வாழ்கிறவர்கள். அந்த வீட்டில் அப்பாவும் பெண்ணும் கேரம் ஆடும்போது போடுகிற சண்டையை நானே வீடியோ காலில் பார்த்து ரசித்திருக்கிறேன். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வருகிற பெண், தாலி ஏறிய கையோடு இந்தக் கூத்தைப் பார்த்தால் என்ன நினைக்கும்? இதை நினைத்தே எனக்குச் சாப்பாடு இறங்காமல் இருந்தது.

சண்டையின் கதை உனக்குத் தெரியும். என் பக்கத்திலிருந்து அதை நீ கேட்டதில்லை. இங்கே ஷார்ஜாவில் கட்டட சாமான் கம்பெனியின் ஸ்டோரில் நின்றே தலை நரைத்தவர் அப்பா. தனக்கென்று யாரிடமும் உதவி கேட்டுப் போய் நிற்காத மனுஷன், நீ படிப்பு முடித்ததும் மேனேஜர் முன்னால் போய் நின்றார். "என் பையன் சார், பொறுப்பா இருப்பான்" என்று வாக்குக் கொடுத்தார். நீ முதல் மாதச் சம்பளம் வாங்குவதற்குள், ஓமானில், சலாலாவில் ஹோட்டல் கூரைகளில் ஏறி சோலார் வாட்டர் ஹீட்டர் மாட்டுகிற வேலை கிடைத்திருக்கிறது என்று கிளம்பிவிட்டாய். உனக்கு அந்த வேலைதான் பிடித்தது, அதில் தப்பில்லை. அதை முந்தின நாள் சாயங்காலம் சொன்னாயே, அதுதான் தப்பு. வாசலில் நீ சூட்கேஸோடு நிற்கிறாய். ஹாலில் நின்றபடி அப்பா என்னைப் பார்த்துச் சொன்னார்: "சொல்லு அவன்கிட்ட. இனிமே என்கூடப் பேச வேணாம்னு சொல்லு." நான் உன்னிடம் திரும்பி, "அப்பா கொஞ்சம் கோவமா இருக்காங்க, போய்ச் சேந்ததும் போன் பண்ணு" என்றேன். அவர் சொன்னது உன் காதிலும் விழுந்தது, நான் சொன்னது அவர் காதிலும் விழுந்தது. ரெண்டு வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. அத்தனை நாளும் நீங்கள் ஒரு வார்த்தை நேராகப் பேசிக்கொள்ளவில்லை.

யோசித்துப் பார்த்தால் அன்றைக்கு ஆரம்பித்ததும் இல்லை. நீ பள்ளிக்கூடம் போகும்போதே, "கணக்குல எவ்வளவாம்?" என்று அப்பா என்னைக் கேட்பார். சோபாவின் மறுமுனையில் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருக்கும் நீ தலையைத் திருப்பாமல், "டெல் ஹிம் ஐ பாஸ்டு மா" என்பாய். எனக்கு அப்போது அது பெருமையாக இருந்தது, மறைப்பானேன்? புது ஊர், பாஷை தெரியாது, வெளியே எனக்கென்று ஒரு வேலையும் கிடையாது. வீட்டில் ஒரு சொல்கூட என்னைத் தாண்டிப் போகாது என்பதே எனக்கு ஒரு பதவி மாதிரி இருந்தது. போகப் போக நான் சொற்களைக் கழுவி அனுப்ப ஆரம்பித்தேன். "அந்தத் தடிப்பய சாப்பிட்டானாமா?" என்று அவர் கேட்டால், உன்னிடம் "அப்பா விசாரிச்சாங்க" என்பேன். "அவருக்கு இதெல்லாம் புரியாதும்மா" என்று நீ சொன்னால், அவரிடம் "தம்பி நெறைய யோசிக்கிறான்" என்பேன். கழுவிக் கழுவி உங்கள் கோபம் போனது சரி, கூடவே மற்றதும் போய்விட்டது. தடிப்பயல் என்று சொல்லும்போது அவர் குரல் எப்படிக் கம்மும் என்பது உனக்குத் தெரியாமலே போயிற்று.

சலாலாவிலிருந்து என் போனுக்குப் படம் அனுப்புவாயே, கூரைமேல் வரிசையாக ஹீட்டர்கள், பக்கத்தில் தொப்பி போட்டுக்கொண்டு நீ. அப்பா அதையெல்லாம் பார்ப்பதே இல்லை என்றுதானே நினைத்திருந்தாய்? "மணி என்ன ஆச்சு" என்று சொல்லி என் போனை எடுப்பார், கையில் வாட்ச் கட்டிய மனுஷன். ரெண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கி, குழாய் எங்கே நுழைகிறது, எங்கே வளைகிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பார். நான் கவனிக்கிறேன் என்று தெரிந்தால் உடனே போனை வைத்துவிட்டு, "கோடை முழுக்க தூறல் போடுற ஊர்ல சோலார் மாட்டுறானாம். நல்ல பொழப்பு" என்பார். நான் இதையும் உன்னிடம் சொன்னதில்லை.

அப்புறம் போன குளிர்காலத்தில் அந்தக் கரண்டு பில் வந்தது. ஷார்ஜாவில் குளிர் என்றால் ஊரில் யாரும் நம்ப மாட்டார்கள். ஆனால் டிசம்பர், ஜனவரியில் கூரைமேல் இருக்கிற டேங்க் தண்ணீர் விரலைக் கடிக்கும், முவைலாவின் இந்தப் பழைய வில்லாவில் காற்று வேறு நாலு பக்கமும் நுழையும். தெரிந்த வீடுகளுக்கு இட்லி மாவு அரைத்துக் கொடுக்கிறேன் அல்லவா, அந்தக் குளிரில் மாவு புளிக்கவே புளிக்காது. பாத்திரத்தை வெந்நீர்த் தொட்டியில் இறக்கி வைத்தால்தான் பொங்கும். அதற்கு, கிரைண்டர் கழுவ, குளிக்க என்று பாத்ரூம் ஹீட்டர் நாள் முழுக்க எரியும். பில்லைப் பார்த்த அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார். "இதுக்கு நான் ஒரு வழி பண்றேன்" என்றார். பில் ஒரு சாக்கு என்று எனக்கு அப்போதே தெரியும். பில்லுக்கு வழி பண்ண எத்தனையோ இருக்க, அவர் கை ஏன் நீ செய்கிற அதே சாமானுக்குப் போக வேண்டும்?

மேனேஜரிடம் கேட்டுக் கேட்டு ஸ்டோரிலிருந்து ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தார். ஏசிக்காரர்கள் வெட்டிப் போட்ட செம்புக்குழாய்த் துண்டுகள், ஓரம் சில்லுப் போன ஜன்னல் கண்ணாடி, சாமான் வந்திறங்கிய பலகை. பலகையில் கட்டில் அகலத்துக்கு ஒரு பெட்டி அடித்து, உள்ளே தகரம் விரித்து, அதன்மேல் குழாய்களை வரிசையாகப் பற்றவைத்து, எல்லாவற்றுக்கும் கறுப்புப் பெயின்ட் அடித்து, மேலே கண்ணாடி போட்டார். தண்ணீர் அந்தக் குழாய்களுக்குள் ஓடிச் சூடாகி, போர்வை சுற்றிய ஒரு டிரம்மில் வந்து சேர வேண்டும், டிரம்மிலிருந்து நம் வீட்டில் சிவப்புக் குறி போட்ட வெந்நீர்க் குழாய்களுக்கு இறங்க வேண்டும், அவ்வளவுதான் ஏற்பாடு. சூடு வெளியே போகாமல் இருக்க அடியில் முதலில் தெர்மாகோல் வைத்தார். ஒரே நாள் வெயிலில் இட்லி மாதிரி இருந்த தெர்மாகோல் சப்பாத்தியாகிவிட்டது. தெரு முழுக்க நாற்றம். பிறகு ஏசிக் குழாயைச் சுற்றுகிற பஞ்சைக் கொண்டுவந்து திணித்தார். இப்படி ஒட்டி வெட்டி முடிப்பதற்குள் ஜூலை ஆகிவிட்டது. வீட்டு ஓனர் அரபி மாடிக்கு வந்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "ஷூ ஹாதா?" இது என்ன என்று கேட்டார். "மாய் ஹார், அர்பாப். சுடுதண்ணி, கரம் பானி" என்றார் அப்பா. அந்த மனிதர் சூரியனைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், வழிந்த வியர்வையைத் துடைத்துக்கொண்டு அப்பாவைப் பார்த்தார். தன் நெற்றியைத் தட்டி, "முக் மாஃபி?" என்று கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "கூரையில ஓட்டை மாஃபி. கலாஸ்" என்று, ஓட்டை மட்டும் போடக்கூடாது என்கிற நிபந்தனையோடு அனுமதியும் கொடுத்துவிட்டுப் போனார். மூளை இல்லையா என்று வீட்டுக்காரர் கேட்டதில் அப்பாவுக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை. வேலை முடிந்த சந்தோஷத்தில் இருந்தார்.

"இந்தா, மேல வா, வந்து கை வச்சுப் பாரு" என்று கூப்பிட்டார். வைத்தேன், விரல் வெந்தது. "சொல்லு அவன்கிட்ட. அப்பா செஞ்சதுன்னு சொல்லு. சும்மா தெரிஞ்சுக்கட்டும்" என்றார். நீ போன பிறகு உன்னிடம் ஒன்றைச் சொல்லச் சொல்லி அவர் கேட்டது அதுதான் முதல் தடவை. ஓடி வந்து உனக்குப் போன் போட்டேன். நீ சிரித்தாய். "அம்மா, ஜூலைல மெயின் டேங்க் தண்ணியே கொதிக்கும்மா. ப்ளூ டாப்பத் திறந்தாலே கை வெந்துரும். அந்தப் பொட்டி வேல செய்யுதா இல்லையான்னு ஜனவரிலதான் தெரியும். பாத்ரூம் ஹீட்டர மட்டும் கழட்டிராதீங்கன்னு அப்பாகிட்ட சொல்லு." திரும்பி வந்தால், அவர் துண்டில் கையைத் துடைத்தபடி என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். என்னால் சொல்ல முடியவில்லை தம்பி. "தம்பிக்கு ரொம்ப சந்தோஷம்" என்றேன். மற்றதை நேரம் பார்த்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். எனக்கு நேரம் வருவதற்குள் அவர் ஹீட்டரைக் கழற்றி, பக்கத்து வில்லாவில் இருக்கும் பேச்சிலர் பையன்களுக்குக் கொடுத்துவிட்டார்.

அதன் அவஸ்தை குளிர்காலம் வரை காத்திருக்கவில்லை. ரம்யாவுக்கு இது தெரியும், பஹ்ரைனிலும் இதே கதைதான். ஊரில் இருக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன். இங்கே கோடை வந்துவிட்டால் வீட்டு ஹீட்டரை அணைத்துவிடுவோம். ஏசி ஓடும் வீட்டுக்குள் தொங்குகிற அந்த ஹீட்டரில் தேங்கி நிற்கும் தண்ணீர்தான் உடம்புக்கு இதமாக இருக்கும். கூரை டேங்கிலிருந்து நேராக வருவது கொதிக்கும். ஆகவே குளிர்ந்த தண்ணீர் வேண்டுமென்றால் சிவப்புக் குழாயைத் திறக்க வேண்டும். அப்பா கழற்றிக் கொடுத்தது எங்களுக்கு இருந்த ஒரே குளிர்ந்த தண்ணீரை. ஜூலை, ஆகஸ்ட் முழுக்க வாளிகளில் தண்ணீர் பிடித்து ஏசி ரூமில் ஆற வைத்துக் குளித்தோம். "வெந்நீர் உடம்புக்கு நல்லது" என்று சொல்லிக்கொண்டே, சிவந்த முதுகோடு அவர் டியூட்டிக்குப் போனார். பக்கத்து வில்லாப் பையன்கள் ஜம்மென்று குளித்தார்கள்.

டிசம்பர் வந்தது. சிவப்புக் குழாயும் நீலக் குழாயும் ஒரே மாதிரி சில்லிட்டுப் போயின. அப்பா காலையில் மாடி ஏறுவார், கண்ணாடியைத் துடைப்பார், இறங்குவார். இன்னொரு கோட் கறுப்புப் பெயின்ட் அடித்தார். அடுப்பில் தண்ணீர் காய்ச்சிச் சமாளித்தேன். மாவு பொங்கவில்லை, வாங்குகிறவர்கள் முகம் சுளித்தார்கள். என் விரல் மூட்டுகள் வீங்கி, மோதிரம் கழலவில்லை. புது ஹீட்டர் வாங்கலாம் என்றால், "சூரியன் எங்க போயிரப்போகுது, பொறு" என்பார். அந்தச் சமயத்தில்தான் உன் கல்யாணப் பத்திரிகை வாசகத்தை நீங்கள் இருவரும் என் மூலமாகத் திருத்திக்கொண்டிருந்தீர்கள். ஒரு நாள் கிரைண்டர் கல்லைப் பச்சைத் தண்ணீரில் கழுவும்போது விரல் மடங்கவில்லை. கல் நழுவித் தரையில் விழுந்தது. சத்தம் கேட்டு ஓடி வந்தவரிடம், எனக்கு என்ன வந்ததோ, படபடவென்று கொட்டிவிட்டேன். "ஜூலைலயே தம்பி சொன்னான், ஹீட்டரக் கழட்ட வேணாம்னு. நாந்தான் உங்ககிட்ட சொல்லல." வீடு இரண்டாகும் என்று நினைத்தேன். அவர் கல்லை எடுத்தார். குழாயடியில் உட்கார்ந்து அதை அவரே கழுவினார். கழுவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "அவன் வேற என்னல்லாம் சொன்னான், நீ சொல்லாதது?" என்று கேட்டார்.

எல்லாவற்றையும் கழுவாமல் சொன்னேன். அப்பாவுக்குப் புரியாது என்று நீ சொன்னதையும் சொன்னேன். போன வருஷம் ஒரு நாள், "அப்பா ஒரே ஒரு தடவ சலாலா வந்து நான் மாட்டினதப் பாத்தாப் போதும்மா" என்றாயே, அதையும் சொன்னேன். நீ பெருமை அடிப்பதாக அவர் எடுத்துக்கொள்வாரோ என்று அதை எனக்குள்ளேயே வைத்திருந்தேன், எவ்வளவு பெரிய முட்டாள் நான். அவர் கல்லைத் துணியால் துடைத்து மேடைமேல் வைத்தார். "வெள்ளிக்கிழம அவனுக்கு லீவுதானே? கேளு, அந்தப் பொட்டிய என்ன செய்யணும்னு" என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை உனக்கு ஞாபகம் இருக்கும். மாடியில் அப்பா, சலாலாவில் நீ, நடுவில் வீடியோ காலைப் பிடித்துக்கொண்டு நான். ஸ்பீக்கர் போட்டிருக்கிறது. உங்கள் இருவருக்குமே காதில் ஒரு கோளாறும் கிடையாது.

"அம்மா, பொட்டி ஏன் படுத்துக் கெடக்கு?" என்றாய்.

"ஏன் படுத்துக் கெடக்குன்னு கேக்குறான்."

"படுக்காம? சூரியன் தலைக்கு மேலதானே இருக்குன்னு சொல்லு."

"தலைக்கு மேல இருக்காம்டா."

"ஜூலைல தலைக்கு மேல. இப்ப தெக்க சாஞ்சுல்ல போகுது? பொட்டியையும் தெக்கப் பாத்துச் சாய்ச்சு நிமித்தணும். அப்பறம் டிரம் ஏன் தரையில இருக்கு? சூடான தண்ணி தானா மேல ஏறும்மா. டிரம் பொட்டிக்கு மேல இருந்தாத்தான் அதுல போய்ச் சேரும். டிரம்மத் தூக்கச் சொல்லு."

"டிரம்ம மேல தூக்கணுமாங்க."

"சலாலாவுல உக்காந்துக்கிட்டு ஈசியாச் சொல்லிட்டான். யாரு தூக்குறதாம்?"

"யாரையாச்சும் கூப்பிடச் சொல்லும்மா. முதுகு போயிரும்."

"என் முதுகுக்கு என்னன்னு நான் பாத்துக்கிறேன்னு சொல்லு!"

எனக்குப் பொறுமை போய்விட்டது. அப்பாவின் முதுகைப் பற்றி நீ கவலைப்பட்டதை அவரே கேட்டார். கேட்ட வேகத்தில் அவர் முகம் இளகியதை, கேமரா பெட்டியைப் பார்த்து இருந்ததால், நீதான் பார்க்கவில்லை. நான் போனைக் கைப்பிடிச் சுவரில் பெயின்ட் டப்பாவுக்குச் சாய்த்து, கேமராவை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். "அடுப்புல பால் வச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். அடுப்பில் பாலும் இல்லை, ஒன்றும் இல்லை. உங்கள் இருவருக்குமே அது தெரிந்திருக்கும்.

கீழே வந்து அடுப்படியில் உட்கார்ந்தேன். கிரைண்டரைப் போட்டால் மேலே நடப்பது கேட்காதே என்று மாவு அரைக்கவில்லை. அப்பா போனை அணைத்துவிட்டுப் பின்னாலேயே இறங்கி வந்துவிடுவாரோ என்று மாடிப்படியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படி வந்துவிட்டால் கல்யாணம் வரைக்கும், ஏன், என் காலம் வரைக்கும் இதுதான் என்று தோன்றியது. அங்கே உட்கார்ந்து நினைத்ததைத்தான் உனக்குப் புத்திமதி என்று சொல்கிறேன், வேறு பெரிய புத்திமதி என்னிடம் இல்லை. ரம்யாவை நடுவில் நிறுத்தாதே. உனக்கு என்மேல் கோபம் வந்தால் என்னிடம் சொல், அந்தப் பெண்ணிடம் சொல்லி அனுப்பாதே. நாளைக்குப் பிள்ளை பிறந்து, அது உன்னிடம் முறுக்கிக்கொண்டு நின்றால், நீ போய் அதன் எதிரில் உட்கார். ரம்யா நல்ல பெண், நான் செய்த மாதிரி அவளும் எல்லாவற்றையும் இனிப்பாக்கித்தான் சொல்வாள். அதில் நீங்கள் யாரும் யாரையும் தெரிந்துகொள்ள முடியாது. சண்டை போடுங்கள், தப்பில்லை. கேரம் போர்டுக்கு முன்னால் போடுகிற மாதிரி நேருக்கு நேர் போடுங்கள்.

மேலே கான்கிரீட் கல்லை இழுக்கும் சத்தம் கேட்டது. அப்பாவின் குரல் கேட்டது, திட்டுகிறாரா பேசுகிறாரா என்று தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் பக்கத்து வில்லாப் பையன்கள் இரண்டு பேர் தடதடவென்று மாடி ஏறினார்கள். "யல்லா, யல்லா, தூக்கு" என்று கத்தல். ஆள் கூப்பிடு என்று நீ சொன்னாய், அவர் கூப்பிட்டிருக்கிறார் என்று எனக்கு உள்ளே ஒரு துள்ளல். சாப்பாட்டு நேரத்துக்கு அப்பா இறங்கி வந்தார். சட்டையெல்லாம் கறுப்பு. என் போனை நீட்டி, "சார்ஜ் போயிருச்சு" என்றார். அதைச் சார்ஜரில் போட்டுவிட்டு, சாம்பார் சாதத்தை நாலே வாயில் அள்ளிப் போட்டுக்கொண்டு, அலமாரியில் இருந்த தன் போனை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மறுபடி ஏறிப் போனார். நீ போனதிலிருந்து உன் அழைப்பு வந்தே அறியாத போன் அது. கேட்டால் கலைந்துவிடும் என்று நான் தட்டைக் கழுவப் போனேன்.

வெயில் இறங்க ஆரம்பித்து, பள்ளிவாசலில் அஸர் பாங்கு சொல்லி முடித்த பிறகு, பொறுக்க முடியாமல் சிவப்புக் குழாயைத் திறந்தேன். பச்சைத் தண்ணீர். கையை எடுக்காமல் வைத்துக்கொண்டே நின்றேன். திடீரென்று அதுவும் நின்றுபோனது. மேலே குழாயை யாரோ தட்டும் சத்தம். குழாய் புர்ரென்று காற்றைத் துப்பியது, இருமியது, மறுபடி துப்பியது. குழாய்க்குள் அடைத்திருந்த காற்றை வெளியேற்ற மேல் மூட்டைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும் என்று நீ சொல்லிக்கொடுத்ததை அப்பா பிறகு எனக்கு விளக்கினார். அப்போது எனக்கு அதெல்லாம் தெரியாது. தண்ணீர் மறுபடி வந்தது. சில்லென்று வந்து, குளிர் விட்டு வந்து, வெதுவெதுப்பாகி, கையை இழுத்துக்கொள்கிற அளவுக்குச் சுட்டது. ஜனவரி மாதத்து வெயிலில் சுட்டது. ஒருத்தர் சொல்லி இன்னொருத்தர் கேட்காமல் அந்தத் தண்ணீர் சுட்டிருக்காது என்பது மட்டும் எனக்குப் புரிந்தது. ஒரு சொட்டுத் தண்ணீரையும் வீணாக்காத நான், குழாயை மூட மறந்து, வீங்கிய விரல்களை அதற்கடியில் நீட்டிக்கொண்டு அழுதேன்.

அப்போதுதான் சார்ஜரில் கிடந்த என் போன் அடித்தது. நீ.

"அம்மா, அப்பா ஒன்கிட்ட கேக்கச் சொன்னாங்க. சுடுதண்ணி வருதான்னு."

போனைக் குழாய்ப் பக்கம் நீட்டித் தண்ணீர் சத்தத்தைக் கேட்க வைத்தேன். "வருதுடா. கைய வைக்க முடியல" என்றேன்.

"அப்பாகிட்ட சொல்லட்டுமா?"

உனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து இந்த வீட்டில் எல்லோரும் என்னைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்த சொல்லை, அன்றைக்கு முதல் முறையாக நான் சொன்னேன்.

"சொல்லு."

அம்மா